அந்தோனி பூன் அலைகள்: போட்டோவுல பாத்து முடிவு பண்ணாதீங்க, லைட்டிங் வேலைக்காரன் ஒருத்தனோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், நான் ஆர்ட் படிச்சவன் கிடையாது. சிங்கப்பூர்ல லைட்டிங் வேலை பாக்குறேன், கடை, ஷோரூம், வீடு, ரெஸ்டாரன்ட்னு எங்க கூப்பிட்டாலும் போய் ட்ராக் லைட் மாட்டி, ஆங்கிள் செட் பண்ணி, டிம்மர் போட்டுக் குடுத்துட்டு வர்றது தான் பொழப்பு. அதனால இந்த ரிவ்யூவுல "ஓவியரின் ஆன்மா", "மௌனத்தின் மொழி" அந்த மாதிரி எதுவும் எதிர்பாக்காதீங்க. சுவத்துல ஒரு சாமான் தொங்குது, அது மேல வெளிச்சம் விழுது, அது எப்படி தெரியுது, அவ்ளோ தான் எனக்குத் தெரிஞ்சது. ஆனா அந்தோனி பூன்ங்குற சிங்கப்பூர் ஓவியரோட அலைப் படங்களுக்கு அந்தக் கண்ணு தான் கரெக்ட்டான கண்ணுன்னு பாத்ததுக்கு அப்புறம் தோணுச்சு, அதான் எழுதுறேன்.

இவரப் பத்தி எனக்கு எப்படித் தெரிய வந்துச்சுன்னா, ஒரு கஸ்டமர் வீட்டுல ஆன்லைன்ல ஒரு "த்ரீடி வேவ் வால் ஆர்ட்" வாங்கி வெச்சிருந்தாங்க. பெரிய பலகை, மெஷின்ல அலை அலையா குடைஞ்சு வெள்ளை பெயிண்ட் ஸ்ப்ரே அடிச்சது. எந்த செல்லர்னு சொல்ல மாட்டேன், எல்லாரும் இப்ப இதைத் தான் விக்குறாங்க. "தம்பி, வெப்சைட்ல பாத்தப்ப நல்லா இருந்துச்சு, வீட்டுல மாட்டினா செத்துப் போயி கெடக்கு, லைட் போட்டு ஏதாவது பண்ண முடியுமா?"ன்னு அந்த அக்கா கேட்டாங்க. சரின்னு ஒரு ஸ்பாட் லைட்டைக் கிட்டக்க வெச்சு சாய்ச்சுப் பாத்தேன், மெஷின் போன தடம் பூரா தெரியுது, கோடு கோடா, சாண்ட் பேப்பர் சரியா போடாத இடம் எல்லாம் பல்லிளிக்குது. கூட வந்த இன்டீரியர் டிசைனர் தான் சிரிச்சுகிட்டே சொன்னாரு, "அண்ணே இதோட ஒரிஜினல் ஐடியா எல்லாம் நம்ம ஊர்லயே 40 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் பண்ணிட்டாரு, நேஷனல் கேலரியில போய்ப் பாருங்க"ன்னு.

அப்படித் தான் போனது. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்கி நடக்குற தூரம் தான், பாடாங் மைதானத்துக்கு எதிர்ல. பழைய சுப்ரீம் கோர்ட்டும் சிட்டி ஹாலும் ரெண்டையும் இணைச்சு 2015-ல மியூசியமா தொறந்தாங்க. சிட்டி ஹால் 1929, கோர்ட் 1939, ரெண்டும் பிரிட்டிஷ்காரன் கட்டினது. பில்டிங்கைப் பத்தி எழுத ஆரம்பிச்சா அதுவே தனி ரிவ்யூ ஆயிடும், கைதிங்கள அடைச்சு வெச்ச செல் கூட அப்படியே இருக்கு, புள்ளைங்களுக்கு அது தான் ரொம்பப் புடிக்கும். சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி)-னா பொதுவான காட்சிங்களுக்கு ஃப்ரீ, டூரிஸ்ட்டுக்கு டிக்கெட் உண்டு, ஸ்பெஷல் எக்ஸிபிஷனுக்கு எல்லாருக்கும் தனி டிக்கெட் வரும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, எந்த மியூசியமும் எல்லா படத்தையும் எப்பவும் மாட்டி வெக்காது, சுத்தி சுத்தி மாத்துவாங்க, அதனால பூன் படத்துக்காகவே போறீங்கன்னா போறதுக்கு முன்னாடி இப்ப என்ன மாட்டிருக்காங்கன்னு பாத்துட்டு கிளம்புங்க.

ஆள் யாருன்னு சுருக்கமா சொல்லிடுறேன். அந்தோனி பூன், 1945-ல சிங்கப்பூர்ல பொறந்தவர், 2006-ல இறந்துட்டாரு. இங்க நன்யாங் அகாடமியில படிச்சிட்டு, 60கள் கடைசியில லண்டனுக்குப் போய் பையாம் ஷா ஸ்கூல்ல படிச்சாரு, அப்புறம் பிராட்ஃபோர்ட்ல கொஞ்ச நாள். அந்த நேரத்துல லண்டன்ல பிரிட்ஜெட் ரைலி மாதிரி ஆளுங்க கறுப்பு வெள்ளைக் கோட்டை வெச்சே கண்ணை ஆட வெக்குற படங்கள் வரைஞ்சு பெரிய பேர் வாங்கியிருந்தாங்க, ஆப் ஆர்ட்னு சொல்வாங்க. அந்தக் காத்து இவர் மேலயும் அடிச்சிருக்கு, படத்தைப் பாத்தாலே தெரியும். 70கள் ஆரம்பத்துல ஊருக்குத் திரும்பி வந்து, ஆர்க்கிடெக்ட் லிம் சொங் கியட் ஆரம்பிச்ச ஆல்ஃபா கேலரி குரூப்ல சேர்ந்துகிட்டாரு. 1990-ல கல்ச்சுரல் மெடாலியன் குடுத்தாங்க, இங்க கலைஞர்களுக்குக் குடுக்குறதுல அது தான் பெரிய விருது.

முதல்ல பட்டம் (காத்தாடி) வடிவத்துல கேன்வாஸையே வெட்டி ஒரு வரிசை பண்ணிருக்காரு, அதாவது படம் நாலு மூலை சட்டமா இருக்கணும்ங்குற கணக்கையே தூக்கிப் போட்டுட்டாரு. அப்புறம் 70கள் நடுவுல இருந்து அலை. தட்டையான கேன்வாஸ்ல ஒரே கலரை வெளிருல இருந்து கெட்டியா பட்டை பட்டையா அடுக்கி வளைச்சு வளைச்சுப் போடுறது. அது வரைக்கும் கண்ணை ஏமாத்துற வேலை தான், மேடு இல்லாத இடத்துல மேடு இருக்குற மாதிரி காட்டுறது. அங்க நின்னிருந்தா கூட நல்ல ஓவியர்னு பேர் வாங்கியிருப்பாரு. ஆனா மனுஷன் அடுத்த ஸ்டெப் போனாரு பாருங்க, கேன்வாஸுக்கு அடியில வளைவா ஃப்ரேம் குடுத்து அதுக்கு மேல துணியை இழுத்துப் புடிச்சு, நிஜமாவே அலையைத் தூக்கி நிறுத்திட்டாரு. வேவ் ரிலீஃப்னு பேரு. இது பெயிண்டிங்கா சிலையான்னு கேட்டா ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு.

என் கூட வந்த ஃப்ரெண்டு ஃபால்ஸ் சீலிங் வேலை பாக்குறவன். முதல் படத்துக்கு முன்னாடி நின்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு, "மச்சான் இது பெயிண்டிங்கா இல்ல எவனாவது சீலிங்க சுவத்துல மாட்டிட்டானா"ன்னான். சுத்தி இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. ஆனா அதே ஆளு தான் அப்புறம் அந்தப் படத்தை விட்டு நகரவே இல்ல, குனிஞ்சு சைடுல பாக்குறான், மூலையில பாக்குறான், "துணியை எங்கடா மடிச்சான், ஒரு சுருக்கம் கூட இல்லயே"ன்னு பொலம்புறான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி தான். தொழில் தெரிஞ்சவனுக்குத் தான் இது எவ்ளோ கஷ்டம்னு புரியும். துணியை ஒரு பக்கமா வளைக்குறது ஈஸி, தகரத்தை உருட்டுற மாதிரி உருட்டிடலாம். ஆனா ஒரு மேடு மெதுவா எழுந்து, இன்னொரு பக்கம் போகப் போக ஒடுங்கி, தட்டையில போய்க் கரையணும்னா துணி ரெண்டு பக்கமும் இழுபடும், அங்க தான் சுருக்கம் விழும், இல்லன்னா தொய்வு வரும். இவர் படத்துல அந்த எழும்புற இடத்துக்குக் கிட்டக்க போய்ப் பாத்தேன் (ரொம்பக் கிட்டக்கப் போக முடியாது, தரையில கோடு இருக்கு). மேட்டோட முகடு ஒரு கோடா ஓடுது, அது மேல கேன்வாஸ் நெசவு கூட ஒரே அளவுல விரிஞ்சிருக்கு, மிருதங்கத்துல தோலை இழுத்துக் கட்டின மாதிரி விறைப்பு. ஆணி எங்க, ஸ்டேப்பிள் எங்க, ஒண்ணும் வெளிய தெரியல, எல்லாம் பின்னாடி.

இப்ப கலருக்கு வர்றேன், இது தான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். நிஜமான மேடு இருந்தா நிஜமான நிழல் விழும். அதே இடத்துல அவர் கலரையும் கெட்டியில இருந்து வெளிருக்கு இறக்குறாரு. அப்ப உங்க கண்ணுக்கு முன்னாடி ரெண்டு நிழல் இருக்கு, ஒண்ணு பெயிண்ட்ல போட்டது, இன்னொண்ணு லைட் போட்டது. சில இடத்துல ரெண்டும் ஒத்துப் போகுது, அங்க மேடு இருக்குறத விட ரெண்டு மடங்கு உசரமா தெரியுது. சில இடத்துல வேணும்னே மாத்திப் போட்டிருக்காரு, மேடு இருக்குற இடத்துல கெட்டி கலர், பள்ளத்துல வெளிர் கலர், அங்க கண்ணு ஒரு செகண்ட் குழம்பி, உள்ள போகுதா வெளிய வருதான்னு தெரியாம நிக்கும். நீங்க ரெண்டு அடி நகர்ந்தீங்கன்னா லைட் நிழல் உங்க கண்ணுக்கு மாறும், பெயிண்ட் நிழல் மாறாது. அதனால படம் நகருற மாதிரி இருக்கு. நெட்ல இருக்குற போட்டோவுல இதுல ஒண்ணு கூட வராது, ஏன்னா கேமரா ரெண்டு நிழலையும் ஒண்ணாக்கி ஒரே தட்டுல அமுக்கிடும். நான் போட்டோ எடுத்துப் பாத்தேன், எல்லாம் கோடு போட்ட துணி கணக்கா தான் வந்துச்சு, டெலீட் பண்ணிட்டேன்.

வெள்ளை மேல வெள்ளையா செஞ்சது இருக்கே, அதைத் தான் நான் தலையில வெச்சுக் கொண்டாடுவேன். கலர் சப்போர்ட்டே இல்ல, முழுக்க லைட்டை நம்பி நிக்குற படம். நேர் எதிர்ல நின்னா பாதி தெரியாது, சும்மா வெள்ளை. இடது பக்கம் நகர்ந்து வாங்க, முகடு ஒண்ணொண்ணா கெளம்பும், சாம்பல் நிழல் கீழ எறங்கும், கடல்ல காலைல சூரியன் தாழ்வா இருக்கும் போது தண்ணியில வர்ற அந்தச் சின்னச் சின்ன மடிப்பு தான் அது, வேற ஒண்ணும் இல்ல. இயற்கையைப் பாத்து வரைஞ்சதுன்னா மரம், மலை, படகு, மீனவர்னு தான் நமக்கு ஞாபகம் வரும். இவர் தண்ணியையும் வரையல கடலையும் வரையல, அலைங்குற கணக்கை மட்டும் எடுத்துகிட்டாரு, எழுறது, சாயுறது, அடுத்தது வர்றது. அதுக்கு மேல ஒரு சொட்டு நீலம் கூட தேவைப்படல அவருக்கு.

ஆனா எல்லாத்தையும் ஆஹா ஓஹோன்னு சொல்ல மாட்டேன். சில கலர் படங்கள், குறிப்பா பளிச்சுனு ஆரஞ்சு, ஊதா எல்லாம் வர்றது, எனக்கு அந்தக் கால ஹோட்டல் லாபி ஃபீலிங் தான் குடுத்துச்சு. 80கள்ல பேங்க் ஹெட் ஆபீஸ், ஏர்போர்ட் லவுஞ்ச் எல்லாம் இந்த ஸ்டைல்ல தான் அலங்காரம் பண்ணாங்க, அந்தப் பாவம் இவர் தலையில விழக் கூடாது தான், இருந்தாலும் கண்ணு அப்படிப் பழகிடுச்சு. அப்புறம் ரொம்ப நீட்டா இருக்கு. சில நேரம் இவ்ளோ நீட்டா இருக்கணுமான்னு தோணும். கை தவறின இடம், பெயிண்ட் கொஞ்சம் வழிஞ்ச இடம்னு தேடினா கிடைக்காது. 70கள்ல இந்த ஊரே அப்படித் தான் இருந்துச்சாம், கம்பம்னு சொல்ற பழைய கிராமங்கள இடிச்சு வரிசை வரிசையா எச்டிபி ப்ளாக் (அரசாங்க அடுக்குமாடி வீடு) கட்டிகிட்டு, கடலைத் தூத்து நிலமாக்கிகிட்டு, எல்லாத்தையும் ஸ்கேல் வெச்சு கோடு போட்டுகிட்டு. அந்தக் காலத்துல இருந்து வந்த அலை இப்படித் தான் இருக்கும் போல, ஒழுங்கா வரிசையில நிக்குற அலை.

அந்த விஷயத்துல மலேசியாக்காரர் லத்தீஃப் மொஹிதின் நேர் எதிர். அவரும் ஆல்ஃபா கேலரி வட்டாரத்து ஆளு தான், பெர்லின்ல படிச்சவர், கவிஞரும் கூட. 60கள்ல அவர் போட்ட பாகோ பாகோ படங்கள்ல பகோடா கோபுரமும் தாழை மரமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு முட்டிகிட்டு மொளைக்கும், முள்ளு முள்ளா, மண்ணு கலர்ல. அந்த வரிசையை 2018-ல பாரிஸ் பொம்பிடு சென்டர்லயே வெச்சாங்க. அதுக்கப்புறம் லங்காவின்னு ஒரு வரிசை பண்ணாரு, அதுல பலகையை வெட்டி ஒட்டி பெயிண்ட் அடிச்சு சுவத்துல மாட்டுற சிற்பமா செஞ்சிருக்காரு. சூடு, முரடு, காடு வேணும்னா அவர். நிதானம், சுத்தம், கணக்கு வேணும்னா பூன். இன்னொருத்தர் எங் டவ்னு ஒரு அம்மா, லண்டன் ராயல் காலேஜ்ல டெக்ஸ்டைல் படிச்சவங்க, துணியை மடிச்சுத் தைச்சே மேடு பள்ளம் கொண்டு வர்றாங்க, மணல்ல காத்து போட்ட வரி எல்லாம் அதுல வரும். பூன் படத்தைப் பாத்துட்டு இவங்களோடதையும் பாத்தீங்கன்னா ஒரே பிரச்சினையை ரெண்டு பேர் எப்படி வேற வேற கையால தீத்திருக்காங்கன்னு தெரியும். ஃபால்ஸ் சீலிங் ஃப்ரெண்டு எங் டவ் கட்சி, நான் பூன் கட்சி, அன்னைக்கு டெக்கா சென்டர்ல பிரியாணி சாப்புடுற வரைக்கும் அதுக்கே சண்டை.

சரி, லைட்டிங் விஷயம். மியூசியத்துல எண்ணெய் ஓவியம், அக்ரிலிக் எல்லாத்துக்கும் பொதுவா 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அளவு) சுத்தி தான் வெளிச்சம் வெப்பாங்க, பேப்பர்ல இருக்குறதுக்கு 50 தான், அதுக்கு மேல போனா வருஷக் கணக்குல கலர் வெளுத்துடும். நம்ம ஆளுங்க கடையில 1000 லக்ஸ் கேப்பாங்க, இங்க வந்து "என்ன இருட்டா இருக்கு"ன்னு நெனைப்பாங்க, ரெண்டு நிமிஷம் நின்னா கண்ணு பழகிடும். சாதாரண தட்டைப் படத்துக்கு லைட்டை செங்குத்துல இருந்து 30 டிகிரி சாய்ச்சு அடிக்கிறது தான் எங்க தொழில்ல பாடம். கண்ணாடி மினுக்கம் வராது, ஃப்ரேம் நிழலும் பெருசா விழாது. ஆனா ரிலீஃபுக்கு அது பத்தாது. சுவத்துக்கு இன்னும் கிட்டக்க லைட்டைக் கொண்டு வந்து மேல இருந்து வழியுற மாதிரி அடிச்சா தான் முகடு எழும்பும், ரொம்பக் கிட்டக்க போனா நிழல் நீண்டு பக்கத்து அலையை முழுங்கிடும். அந்த நடு அளவைப் புடிக்கிறது தான் வேலையே. ரெண்டு பக்கமும் லைட் அடிச்சா நிழல் ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும், காசு குடுத்து வாங்கின மேடு பூரா வேஸ்ட். நான் பாத்த அன்னைக்கு வெள்ளைப் படத்துக்கு லைட் ஒரு பக்கமா தான் விழுந்துச்சு, யாரோ விஷயம் தெரிஞ்ச ஆள் ஏணி மேல நின்னு பொறுமையா செட் பண்ணிருக்காங்க. மத்தவங்க எல்லாம் படத்தைப் பாத்தாங்க, நான் பாதி நேரம் மேல ட்ராக்கைத் தான் பாத்துகிட்டு இருந்தேன்.

இதனால தான் சொல்றேன், ரிலீஃப் படத்தோட போஸ்டர், கேன்வாஸ் பிரின்ட் எந்தக் கடையில வித்தாலும் வாங்காதீங்க. தட்டைப் படத்தைப் பிரின்ட் போட்டா கலர் கொஞ்சம் குறையும், அவ்ளோ தான், இதைப் பிரின்ட் போட்டா படமே காணாம போயிடும், யாரோ ஒரு போட்டோகிராபர் அன்னைக்கு வெச்ச லைட்டோட நிழல் தான் உங்க வீட்டுக்கு வரும். உங்க ஜன்னல் இடது பக்கம் இருக்கும், பிரின்ட்ல நிழல் வலது பக்கத்துல இருந்து வந்திருக்கும், ஏன் ஒட்டலன்னு தெரியாம கண்ணு உறுத்திகிட்டே இருக்கும்.

அப்ப வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு வேணும்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ஒரிஜினல் நமக்கு எட்டாது, ஏலத்துல போற சமாச்சாரம். இங்க இளைய ஆர்ட்டிஸ்ட் சில பேர் ரிலீஃப் செய்றாங்க, நேர்ல பாத்து வாங்குங்க. பாக்கும் போது போன் டார்ச்சை ஆன் பண்ணி படத்துக்கு ஓரத்துல சுவத்தோட சுவரா வெச்சு அடிச்சுப் பாருங்க (விக்கிறவங்க கிட்ட கேட்டுட்டு). நல்ல வேலைன்னா வளைவு வழுக்கிகிட்டுப் போகும். மெஷின் தடம், பட்டி திட்டு, துணித் தொய்வு எதுவா இருந்தாலும் அந்த டார்ச்சுல மாட்டிக்கும். இங்க ஈரக்காத்துல பருத்தி கேன்வாஸ் ஒரு நாள் தொய்யும், ஒரு நாள் இறுகும், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துல, ஏசி காத்து நேரா அடிக்கிற இடத்துல மாட்டாதீங்க. அக்ரிலிக் பெயிண்ட் சூட்டுல லேசா இளகும், தூசு ஒட்டிக்கும், முகட்டு மேல தான் முதல்ல ஒட்டும், ஈரத்துணி போட்டுத் தேய்க்காதீங்க, மெல்லிசான பிரஷ்ஷால தட்டி விட்டா போதும்.

அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போய் அந்த மெஷின் பலகைக்கு லைட்டைத் தள்ளி வெச்சு, நிழல் வராம மழுப்பி அடிச்சுக் குடுத்தேன், இப்ப சும்மா ஒரு வெள்ளை பேனலா இருக்கு, அவங்களுக்கு அதுவே ஓகேவாம்.

மார்க் போடணும்னா வெள்ளை ரிலீஃபுக்கு அஞ்சுக்கு அஞ்சு. கலர் ரிலீஃபுக்கு நாலு. தட்டையான பழைய அலைப் படங்களுக்கு மூணரை, அதுவும் அடுத்து வந்தது இவ்ளோ நல்லா இருக்குறதால தான் கம்மியா தெரியுது. கேலரிக்குப் போறவங்க வார நாள்ல காலைல தொறந்த உடனே போங்க, லீவு நாள்ல படத்துக்கு முன்னாடி செல்ஃபி கூட்டம் நிக்கும், இந்தப் படத்துக்கு நீங்க இடதும் வலதும் நடக்கணும், அதுக்கு இடம் வேணும். குள்ளமான புள்ளைங்க கூட வந்தா அவங்கள கீழ இருந்து மேல பாக்க விடுங்க, அந்த ஆங்கிள்ல முகடு இன்னும் தூக்கலா தெரியும், நான் முழங்கால் போட்டுப் பாத்தேன், கார்டு அண்ணன் தான் "ஆர் யூ ஓகே சார்"னு ஓடி வந்துட்டாரு.

கீழ கமெண்ட்ல எப்படியும் கேப்பீங்கன்னு இப்பயே சொல்லிடுறேன், வீட்டு ரிலீஃபுக்கு 3000 கெல்வின் (லேசா மஞ்சள் கலந்த வெள்ளை வெளிச்சம்), சிஆர்ஐ (கலரை எவ்ளோ நிஜமா காட்டுதுங்குற அளவு) 90க்கு மேல இருக்குற எல்இடி, குறுகலான பீம் ஒண்ணு போதும். டவுன்லைட்டை ஆஃப் பண்ணிடுங்க.